ப்யூரிஃபையர் வாங்குவதற்கு முன் கொசுவத்தியை அணையுங்கள்

கேள்வி சுருக்கமாக இதுதான். வேளச்சேரியில் இரண்டாவது மாடி ஃப்ளாட். ஆறு வயதுப் பையனுக்கு மழைக்காலம் தொடங்கிவிட்டால் ராத்திரி இருமல், மாதம் ஒரு முறையாவது வீசிங். டாக்டர் தூசி அலர்ஜி என்று சொல்லி இன்ஹேலர் எழுதிக் கொடுத்திருக்கிறார். மூன்று மாதக் கைக்குழந்தையும் உண்டு. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று நாலு பேரும் ஒரே ஏசி அறையில் படுக்கிறார்கள். இருபதாயிரம் ரூபாய்க்குள் ஏர் ப்யூரிஃபையர் வாங்கலாமா, எதைப் பார்த்து வாங்குவது, செடி வைத்தால் காற்று சுத்தமாகுமா என்று அந்த அம்மா கேட்கிறார். கடைசியில் போகிற போக்கில் இன்னும் இரண்டு வரி எழுதியிருக்கிறார்: கொசு தாங்கவில்லை, தினம் கொசுவத்தி ஏற்றுகிறோம், மாமியார் செவ்வாய், வெள்ளியில் வீடு முழுக்கச் சாம்பிராணி காட்டுவார், குழந்தையைக் குளிப்பாட்டியதும் தலைக்கும் காட்டுவார்.

பதில் அந்தக் கடைசி இரண்டு வரியில் இருக்கிறது.

நான் மருத்துவர் இல்லை. கட்டடங்களுக்குக் காற்றோட்டம் அமைத்துத் தருவது என் தொழில். இருபது வருடத்துக்கு மேலாகச் சென்னையில்தான் வேலை. என் மகளுக்கு ஐந்து வயதில் வீசிங் வந்துகொண்டிருந்தபோது நானும் முதலில் மெஷினைத்தான் வாங்கினேன். தொழில் தெரிந்தவனே அப்படித்தான் செய்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மெஷினில் காற்று மோசமானால் சிவப்பு விளக்கு எரியும். முதல் நாள் ராத்திரி பத்து மணிக்குப் படுத்தோம். விடியும்வரை சிவப்பு அணையவே இல்லை. மெஷின் இரைந்த இரைச்சலில் தூக்கமும் இல்லை. பழுதான மெஷினைத் தலையில் கட்டிவிட்டார் என்று விற்றவரைக் கூப்பிட்டுக் கத்தினேன். மறுநாள் சாயங்காலம் வந்தவர் ஒன்றும் பேசவில்லை, குனிந்து கட்டிலுக்கு அடியைக் காட்டினார். அங்கே தட்டில் கொசுவத்தி கனன்றுகொண்டிருந்தது. மெஷின் ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது.

கொசுவத்திப் புகை எவ்வளவு என்பதைப் பலர் நம்ப மாட்டார்கள். சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற சுருள்களை எரித்துப் பார்த்து 2003-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு சுருள் முழுதாக எரிந்தால் வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் எரிந்ததற்குச் சமம் என்று அதில் கணக்கிட்டார்கள். ஒரு சுருள் ஏறத்தாழ எட்டு மணி நேரம் எரியும், அதாவது பிள்ளைகள் தூங்கும் நேரம் முழுக்க. வீட்டில் யாரும் சிகரெட் பிடிப்பதில்லை என்று பெருமையாகச் சொல்லும் குடும்பத்தில் இது தினமும் நடக்கிறது.

நுண்துகள் என்று நான் சொல்வது பிஎம் 2.5. தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இராது. மூக்கு முடியிலும் சளியிலும் சிக்காமல் நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை போய்விடும். ஒரு நாள் சராசரி ஒரு கனமீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டு வரையறை. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன அளவு 15. நம் நாட்டு எண் வெளிக்காற்றை மனதில் வைத்துச் சொன்னது, உலக சுகாதார நிறுவனத்தின் எண் வீட்டுக்குள் இருக்கும் காற்றுக்கும் பொருந்தும். மூடிய அறையில் கொசுவத்தி ஏற்றிவிட்டு மீட்டரை வைத்துப் பாருங்கள், இரண்டு இலக்கத்தில் இருந்த எண் சில நிமிடத்தில் மூன்று இலக்கத்துக்குத் தாவும். நான் போன வீடுகளில் இது தப்பியதே இல்லை.

பெரியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று உங்கள் மாமியார் கேட்பார். நியாயமான கேள்விதான். பெரியவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். உங்கள் கைக்குழந்தை 30 முதல் 60 தடவை விடுகிறது. உடல் எடையோடு ஒப்பிட்டால் நம்மைவிட அதிகக் காற்றை அது உள்ளே இழுக்கிறது. காற்றுப்பைகளில் பெரும்பகுதி பிறந்த பிறகுதான் உருவாகும், பிள்ளை வளர வளர நுரையீரலும் வளர்ந்துகொண்டே இருக்கும். குழாய்களோ குறுகலானவை, கொஞ்சம் வீங்கினாலும் சத்தம் வரும், அதுதான் வீசிங். தவழும் குழந்தை தரையோடு தரையாக இருக்கிறது, தூசி இருப்பதும் அங்கேதான். பிறப்பதற்கு முன்பேகூட இது தொடங்கிவிடுகிறது. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2018-ல் வெளியிட்ட முடிவின்படி, கர்ப்ப காலத்தில் பிஎம் 2.5 பத்து மைக்ரோகிராம் கூடினால் பிறக்கும் குழந்தையின் எடை சராசரியாக 4 கிராம் குறைகிறது. நாலு கிராம் என்ன பெரிது என்று தோன்றும். ஆனால் அது ஒவ்வொரு பத்துக்கும். நம் சமையலறைகளில் எத்தனை பத்து இருக்கிறது என்று யோசியுங்கள்.

சரி, கொசுவத்தி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட முடியாது. வேளச்சேரியில், சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில், டெங்கு இருக்கிற ஊரில் கொசுவைச் சும்மா விடவும் முடியாது. மெஷினுக்கு வைத்திருக்கும் இருபதாயிரத்தில் முதல் செலவு ஜன்னல் வலையாக இருக்கட்டும். எல்லா ஜன்னலுக்கும், பால்கனிக் கதவுக்கும். காந்தப் பட்டையோ வெல்க்ரோவோ வைத்துக் கழற்றி மாட்டுகிற மாதிரி போட்டால் மாதம் ஒரு முறை அலசலாம். ஆணி அடித்து நிரந்தரமாகப் பொருத்தினால் ஆறே மாதத்தில் வலை தூசியால் அடைத்துக் காற்றே வராது. கழிவறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை, சமையலறை வென்டிலேட்டர் இரண்டையும் மறந்துவிடாதீர்கள், பாதிக் கொசு அந்த வழியாகத்தான் வருகிறது. கைக்குழந்தைக்குக் குடை மாதிரி விரிக்கும் வலை. பெரியவனுக்குக் கட்டிலைச் சுற்றிப் பழைய கால வலை. பிள்ளைகளுக்கு அது கூடாரம் மாதிரி, பிடித்துப்போகும்.

செருகி வைக்கும் திரவ மருந்தில் புகை இல்லை, அதனால் கொசுவத்தியைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் பூச்சிமருந்து ஆவியாகித்தான் கொசுவை விரட்டுகிறது. வீசிங் உள்ள பிள்ளையின் தலைமாட்டில், அடைத்த ஏசி அறையில் விடிய விடிய ஓடவிடாதீர்கள். வேண்டுமானால் சாயங்காலம் ஆறு மணிக்கு ஹாலில் ஒரு மணி நேரம், ஜன்னல் திறந்திருக்கட்டும். காகிதமாகக் கொளுத்துகிற வகையும், ஊதுவத்தி மாதிரி வரும் கொசுவிரட்டிக் குச்சியும் கொசுவத்தியின் தம்பிகள்தான். சில குச்சிகளில் அனுமதி பெறாத மருந்து கலந்திருப்பதாகப் பூச்சிமருந்துத் துறையினரே எச்சரித்திருக்கிறார்கள். இயற்கை, மூலிகை என்று அட்டையில் எழுதியிருந்தாலும் எரிந்தால் புகைதான்.

இனி சாம்பிராணி. இங்கேதான் வீட்டில் சண்டை வரும், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். எனக்கும் அந்த வாசனை பிடிக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்றாலே அம்மா வீட்டுச் சாம்பிராணிதான் நினைவுக்கு வரும். கரியை மூட்டித் தூவுவதாக இருந்தாலும் சரி, கம்ப்யூட்டர் சாம்பிராணி என்று கூம்பாக விற்பதாக இருந்தாலும் சரி, நுண்துகள் ஏராளமாக வரும். கரியென்றால் கூடவே கார்பன் மோனாக்சைடும் சேரும். வீட்டில் காட்டுவதைவிட எனக்குக் கவலை தருவது குழந்தைக்குக் காட்டுவது. குளித்த குழந்தையை மடியில் கவிழ்த்து முடியைப் புகையில் காட்டுவார்கள். ஈரம் காயும், சளி பிடிக்காது என்பது நம்பிக்கை. ஈரம் காய்வது உண்மை. அது கரியின் சூட்டில் காய்கிறது, சாம்பிராணியால் இல்லை. மூன்று மாதக் குழந்தையின் மூக்குக்கு ஒரு அடி தூரத்தில் அந்தப் புகை போகிறது. மெல்லிய பருத்தித் துண்டால் இரண்டு முறை ஒற்றி எடுத்து, வெயில் படும் ஜன்னல் ஓரத்தில் ஐந்து நிமிடம் வைத்திருந்தால் அந்த வேலை முடிந்தது.

மாமியாரிடம் எப்படிச் சொல்வது? டாக்டர் சொன்னார் என்று சொல்லுங்கள். குழந்தைகள் டாக்டர்கள் பலரும் இதைத்தான் சொல்கிறார்கள், பொய்யும் ஆகாது. முற்றிலும் நிறுத்தச் சொன்னால் மனசு கஷ்டப்படும். என் அம்மாவிடம் நான் பேசி முடித்தது இப்படி: வெள்ளிக்கிழமை மட்டும், எல்லா ஜன்னலும் திறந்து வைத்து, பிள்ளைகள் மொட்டை மாடியில் விளையாடும் நேரத்தில், புகை அடங்கி அரைமணி நேரம் கழித்துத்தான் பிள்ளைகள் கீழே வருவார்கள். மற்ற நாளில் நல்லெண்ணெய் விளக்கு. ஊதுவத்தி பூஜை முடிந்ததும் தண்ணீரில் நனைத்து அணைக்கப்படும். ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் பேத்தி ராத்திரி இருமாமல் தூங்குவதைப் பார்த்து அவரே பக்கத்து வீட்டுக்குப் போய் புத்தி சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

பேச்சோடு பேச்சாக, கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சிக் கைக்குழந்தையின் நெஞ்சிலும் மூக்கிலும் தடவுகிற வழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். இரண்டு வயதுக்குக் கீழ் கற்பூரம் வேண்டவே வேண்டாம். உடலுக்குள் போனால் வலிப்பு வரக்கூடும். பழைய பட்டுத் துணியோடு அலமாரியில் போடும் பாச்சை உருண்டையும் அப்படித்தான். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறக்கும் குழந்தைகள் உண்டு. பாச்சை உருண்டை வாசனை ஏறிய துணியில் அவர்களைச் சுற்றினால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரக்கூடும்.

அடுத்தது ஏசி அறை. ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருகிறது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். நம் வீடுகளில் உள்ள ஸ்ப்ளிட் ஏசி அப்படிச் செய்வதில்லை. அறைக்காற்றையே திரும்பத் திரும்ப இழுத்துக் குளிரவைத்து விடுகிறது. வெளியே உள்ள பெட்டிக்கும் உள்ளே உள்ளதற்கும் நடுவில் ஓடுவது குளிர்வாயு மட்டுமே. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம் என்றால் 34 கனமீட்டர். அதில் நாலு பேர் தூங்கினால், இண்டு இடுக்கில்லாமல் அடைத்திருக்கும் பட்சத்தில் கார்பன் டை ஆக்சைடு மணிக்குச் சுமார் ஆயிரம் பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்கு என்பது ஒரு பிபிஎம்) ஏறும். வெளிக்காற்றில் இருப்பது 420 அளவில்தான். நிஜத்தில் கதவிடுக்கில் கசிவு இருப்பதால் அந்த வேகத்தில் ஏறாது. ஆனாலும் நள்ளிரவுக்குள் இரண்டாயிரத்தைத் தாண்டிய படுக்கையறைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த அளவில் அந்த வாயு ஆளைக் கொல்லாது. காலையில் தலை கனக்கும், பிள்ளை சோம்பலாக எழுந்திருக்கும். நான் அதை அளப்பது வேறு காரணத்துக்காக. அது ஏறுகிறது என்றால் ஒருவர் விட்ட காற்றையே மற்றவர் இழுக்கிறார் என்று அர்த்தம். ஒருவருக்குச் சளி பிடித்தால் நாலு பேருக்கும் பிடிப்பது இதனால்தான். இதற்கு ப்யூரிஃபையர் உதவாது. அது துகளைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது.

செய்ய வேண்டியது சிரமமானதில்லை. படுக்கையறைக் கதவை நாலு விரல் திறந்து வையுங்கள், ஹாலில் வலை போட்ட ஜன்னல் ஒன்று திறந்திருக்கட்டும். ஏசியை 26, 27-ல் வைத்து மேலே ஃபேனை மெதுவாகச் சுற்றவிட்டால் குளிர் போதும், கரன்ட் பில்லும் கையைக் கடிக்காது. ஏசியின் வலை ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை குழாயடியில் அலசுங்கள். வருடத்துக்கு ஒரு சர்வீஸ் மட்டும் செய்துவிட்டு மற்ற நாளில் திரும்பியே பார்க்காத வீடுகளில் அந்த வலையைப் பிரித்துக் காட்டினால் அம்மாக்கள் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். அந்த வலை பஞ்சையும் முடியையும்தான் பிடிக்கும், பிஎம் 2.5-ஐப் பிடிக்காது. பாத்ரூமில் கேஸ் கீசர் வைத்திருக்கும் வீடு என்றால் ஒரே ஒரு எச்சரிக்கை: காற்றுப்போக்கு இல்லாத பாத்ரூமில் அது கார்பன் மோனாக்சைடு கக்கி ஆளைச் சாகடித்த சம்பவங்கள் நம் நாட்டில் மீண்டும் மீண்டும் நடக்கின்றன. கழற்றிவிட்டு மின்சார கீசர் போடுங்கள்.

இனி, மழைக்காலத்தில் மட்டும் ஏன் அதிகம் என்பதற்கு வருவோம். தூசி அலர்ஜி என்று டாக்டர் சொல்வது பெரும்பாலும் தூசிப்பூச்சி. தூசிப்பூச்சி கண்ணுக்குத் தெரியாது, மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதிலைத் தின்று தலையணையிலும் மெத்தையிலும் வாழ்கிறது. அலர்ஜி தருவது முக்கியமாக அதன் எச்சம். அது தண்ணீர் குடிப்பதில்லை, காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிழைக்கிறது. ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே தொடர்ந்து இருந்தால் காய்ந்து செத்துவிடும். ஆனால் சென்னையில் 50 எங்கே? ஐப்பசி, கார்த்திகையில் எண்பதைத் தாண்டும். அந்த விதத்தில் ஏசி நமக்கு நண்பன்தான், ஓடும்போது ஈரத்தை வடித்து வெளியே விடுகிறது. மழை நாளில் குளிர் வேண்டாம் என்றாலும் பகலில் ஒரு மணி நேரம் டிரை மோடில் ஓடவிடுங்கள். சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் கிடைக்கிறது, ஒன்று வாங்கி மாட்டுங்கள்.

மெத்தையைப் பொறுத்தவரை பாட்டி செய்ததுதான் சரி. வெயில் அடிக்கும் நாளெல்லாம் தலையணையையும் மெத்தையையும் மொட்டை மாடியில் போட்டு எடுங்கள். விரிப்பு, உறை எல்லாம் வாரம் ஒரு முறை 60 டிகிரி வெந்நீரில். பல வாஷிங் மெஷின்களில் அந்த அளவு இருக்கும், யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. இலவம்பஞ்சுத் தலையணை பத்து வருடம் ஆகியிருந்தால் மன்னித்து விடைகொடுங்கள். பொம்மைகளில் ஒன்றோ இரண்டோ மட்டும் கட்டிலில் இருக்கட்டும். துவைக்க முடியாத கரடியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு நாள் ஃப்ரீசரில் வைத்து வெளியே எடுத்து உதறுங்கள். பூச்சி செத்துவிடும், பையனுக்கு வேடிக்கையாகவும் இருக்கும். துடைப்பத்தால் பெருக்குவது தூசியை எழுப்பி மூக்குக்கு அனுப்புவதுதான். ஈரத் துணியால் துடைப்பது நல்லது, பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகு. ஃபேன் இறக்கையும் பரணும் மறந்துபோகிற இடங்கள். புரட்டாசியில் கொலு பொம்மைப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கிப் பழைய செய்தித்தாளைப் பிரிக்கும் நாளில் வீசிங் வந்த பிள்ளைகளின் கணக்கை எடுத்தால் தனிப் புத்தகம் போடலாம். அந்த வேலையைப் பால்கனியில் வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளை உதவிக்கு வர வேண்டாம், படியில் அடுக்கும்போது வரட்டும்.

தூசிப்பூச்சியோடு கூட வருவது பூஞ்சை. வேளச்சேரிக்காரர்களுக்கு 2015 வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் நினைவிருக்கும். தண்ணீர் வடிந்த பிறகும் சுவர் மாதக்கணக்கில் ஓதம் காத்துக் கிடந்தது. இரண்டாவது மாடிக்கு வெள்ளம் வராது, ஆனால் ஓதம் வரும்: வெளிச்சுவர் விரிசலில், அல்லது மேல் வீட்டு பாத்ரூம் டைல்ஸ் இடுக்கில். பையன் படுக்கும் சுவர்ப் பக்கம் அலமாரியை ஒரு முறை நகர்த்திப் பாருங்கள். பின்னால் கறுப்பாக, பச்சையாகத் திட்டுத் திட்டாக இருந்தால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. அதன்மேல் வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடிப்பது புண்ணை மூடிப் பவுடர் போடுவது மாதிரி. அடுத்த மழையில் உரிந்து விழும். தண்ணீர் வரும் வழியை வெளியிலிருந்து அடைக்க வேண்டும். மேல் வீட்டுக்காரரோடு பேச வேண்டியிருக்கும், அசோசியேஷன் கூட்டத்தில் குரலை உயர்த்த வேண்டியிருக்கும். இந்தக் கட்டுரையில் இருப்பதிலேயே கஷ்டமான வேலை அதுதான் என்று எனக்குத் தெரியும்.

பூஞ்சையைச் சோப்புத் தண்ணீரால் துடைத்துக் காயவிடுங்கள். துடைப்பவர் மாஸ்க் போடட்டும், பிள்ளைகள் அன்றைக்கு அந்த அறையில் இருக்க வேண்டாம். பிளீச்சிங் பவுடர் பயன்படுத்தினால் அதோடு பாத்ரூம் ஆசிடைக் கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். பாத்ரூம் பளிச்சென்று ஆக வேண்டும் என்று இரண்டையும் ஒன்றாக ஊற்றி மயங்கி விழுந்தவர்கள் உண்டு. மழை நாளில் துணியைப் படுக்கையறைக் கொடியில் காயப்போடாதீர்கள். பால்கனியோ ஹாலில் ஃபேனுக்குக் கீழேயோ பரவாயில்லை. கரப்பான் பூச்சியும் வீசிங்குக்கு ஒரு பெரிய காரணம். அதற்கு ஸ்ப்ரே அடிக்காமல் ஜெல் மருந்தைச் சந்து பொந்தில் புள்ளி வையுங்கள்.

சமையலறையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். மிளகாய் தாளித்து எல்லோரும் இருமிய பிறகு எக்ஸாஸ்ட் போடுவது நம் வழக்கம். அடுப்பைப் பற்றவைக்கும் முன் போடுங்கள், முடித்த பிறகும் பத்து நிமிடம் ஓடட்டும். எதிர்ப்பக்கத்தில் ஒரு ஜன்னல் திறந்திருந்தால்தான் அது இழுக்கும். டிஷ்யூ காகிதத்தை அதன் முன்னால் பிடித்துப் பாருங்கள், ஒட்டிக்கொள்ளவில்லை என்றால் சத்தம் மட்டும்தான் வருகிறது. சிம்னிக்குக் குழாய் வெளியே போகிறதா என்றும் பாருங்கள். குழாய் இல்லாத வகை எண்ணெய்ப் பிசுக்கை மட்டும் பிடித்துக்கொண்டு மீதியை வீட்டுக்குள்ளேயே விட்டுவிடும். கேஸ் சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால் பர்னரைச் சுத்தம் செய்ய வேண்டும். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வறுக்காதீர்கள்.

ஜன்னலை எப்போது திறப்பது? சென்னையில் கடல் நமக்கு ஒரு சலுகை தந்திருக்கிறது. கோடையில் மதியத்தை ஒட்டிக் கடற்காற்று வந்து நகரத்துப் புகையைக் கலைத்துவிடும். அப்போது முதல் சாயங்கால டிராஃபிக் ஏறும்வரை நல்ல நேரம். மார்கழி, தை அதிகாலை அதற்கு நேர் எதிர். குளிர்ந்த காற்று தரையோடு படுத்துக்கொண்டு புகையையும் கீழேயே அமுக்கி வைக்கும். போகி விடியலைச் சொல்லவே வேண்டாம். 2018-ல் போகிப் புகையால் மீனம்பாக்கத்தில் இறங்க முடியாமல் விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திரும்பின. போகி, தீபாவளி இரவு, 2022 ஏப்ரலில் நடந்த மாதிரி பெருங்குடி குப்பைக் கிடங்கு எரியும் நாள், இந்த நாட்களில் ஜன்னலைச் சாத்துங்கள். வேளச்சேரியிலேயே அரசின் காற்று அளக்கும் நிலையம் இருக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் அந்த எண்ணைப் பார்த்துக்கொள்ளலாம். ரோட்டுப் பக்கம் ஒரு ஜன்னல், உள்பக்கம் ஒரு ஜன்னல் என்றால் உள்பக்கத்தைத் திறங்கள்.

இதையெல்லாம் செய்த பிறகும் வீடு மெயின் ரோட்டை ஒட்டியிருந்தாலோ, பக்கத்து மனையில் கட்டட வேலை நடந்தாலோ மெஷின் வாங்குவதில் தப்பில்லை. நுண்துகளைப் பிடிக்கும் ஹெபா ஃபில்டர், ஹெச்13 தரம் என்று இருக்க வேண்டும். அடுத்து சிஏடிஆர் என்ற எண்ணைப் பாருங்கள், மணிக்கு எவ்வளவு சுத்தக் காற்று தருகிறது என்பது அது. உங்கள் அறை 34 கனமீட்டர், மணிக்கு ஐந்து முறை காற்று மாற வேண்டும் என்றால் 170. குறைந்த வேகத்தில் சத்தமில்லாமல் ஓட்ட வேண்டும் என்பதால் 250-க்கு மேல் உள்ளதாக வாங்குங்கள். ஓசோன், அயனி என்று சொல்லி விற்பதைத் தொடாதீர்கள். ஓசோன் நுரையீரலை எரிச்சலூட்டும், வீசிங் பிள்ளைக்கு அது விஷம். மாற்று ஃபில்டர் என்ன விலை என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள், விற்பவர்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

இவை எதுவும் இன்ஹேலருக்குப் பதில் ஆகாது. பழக்கமாகிவிடும் என்று பயந்து பாதியில் நிறுத்துகிற பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். நானும் ஒரு முறை நிறுத்தினேன், அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். விலா எலும்புக்கிடையில் சதை உள்ளே இழுத்தால், ஒரு வாக்கியம் பேச மூச்சு போதாமல் திணறினால், உதடு நீலம் பாய்ந்தால் காத்திருக்காமல் 108. மற்றபடி, ஒரு நோட்டில் தினம் இரண்டு வரி எழுதுங்கள்: ராத்திரி இருமினானா, அன்றைக்கு வீட்டில் என்ன எரிந்தது, மழை பெய்ததா. நாலு வாரம் எழுதினால் உங்கள் வீட்டுக் காரணம் எது என்று நோட்டே காட்டிவிடும், டாக்டருக்கும் உதவும்.

செடியைக் கேட்டிருந்தீர்கள். நாசா 1989-ல் செய்த சோதனையைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அது காற்றுப் புகாத சின்னப் பெட்டிக்குள் நடந்தது. 2019-ல் அந்த வகை ஆய்வுகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டவர்கள், திறந்த ஜன்னல் செய்யும் வேலையைச் செடி செய்ய ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடி, அதிகம் போனால் ஆயிரம் வேண்டும் என்றார்கள். மணி பிளான்ட் அழகுக்கு இருக்கட்டும். பாட்டிலில் வைத்திருந்தால் தண்ணீரை வாரம் ஒரு முறை மாற்றி உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள், ஏடிஸ் கொசு முட்டையிட அதைவிட வசதியான இடம் வீட்டில் இல்லை.